பதினோராவது ரீலின் மழை

உப்பூரணியில் மழை தவறிய மூன்றாவது வருஷம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பாரிஜாதம் டாக்கீஸில் மத்தியானக் காட்சி நடந்துகொண்டிருந்தபோது, பதினோராவது ரீலில் பெய்த மழை திரையைத் தாண்டி வெளியே விழுந்தது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்த தரை டிக்கெட் பெண்கள், கூரைதான் ஒழுகுகிறது என்று நினைத்துக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கூரை ஒழுக வேண்டுமானால் முதலில் வானம் பெய்ய வேண்டுமே என்பது அவர்களுக்கு உறைக்க அரை நிமிஷம் ஆயிற்று. அதற்குள் உப்பளத்தில் கூலிக்குப் போகும் இருளாயி, கன்னத்தில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏ ஆத்தா, நல்ல தண்ணிடீ!" என்று கத்தினாள்.

உப்பூரணியில் கிணறு உப்பு, குளம் உப்பு, தோண்டிய ஊற்று உப்பு. குடிக்கிற தண்ணீர் பதினாறு மைல் தாண்டி மாட்டு வண்டியில் பீப்பாயில் வரும். அதுவும் வராத நாட்கள் அந்த வருஷம் அதிகம். அதனால் இருளாயி கத்தியதைக் கேட்டதும் யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. முந்தானையை விரித்துப் பிடித்தார்கள், முறுக்குத் தகரத்தைக் கவிழ்த்துவிட்டு ஏந்தினார்கள், தீ அணைக்க மாட்டியிருந்த சிவப்பு வாளிகளின் மணலைக் கொட்டிவிட்டு அவற்றைத் திரைக்கு அடியில் வைத்தார்கள். திரையில் ஒரு பெண் மழையில் நனைந்தபடி ஆடிக்கொண்டிருந்தாள். நாலு நிமிஷம் பத்து விநாடி ஆடினாள். பாட்டு முடிந்து கதாநாயகன் துப்பாக்கியோடு உள்ளே வந்ததும் மழை நின்றது. கதை முக்கியமான இடத்தில் இருந்ததால் எல்லாரும் ஈரச் சேலையைப் பிழியாமல் அப்படியே உட்கார்ந்து மிச்ச மூன்று ரீலையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

பாரிஜாதம் டாக்கீஸ் அந்த ஊருக்குப் பொருந்தாத கட்டடம். ரங்கூனில் வியாபாரம் செய்துவிட்டு வந்த ஒருவர், அங்கே பார்த்த சினிமா மாளிகைகளைப் போல ஒன்று கட்டாமல் சாகமாட்டேன் என்று சொல்லிக் கட்டியது. வாசலில் இரண்டு சுதை மயில்கள். மாடியைத் தாங்கும் தூண் ஒவ்வொன்றிலும் விளக்கேந்திய ஒரு சுதைப் பெண். அந்தப் பெண்களின் மார்புக்குத் திருவிழா நாட்களில் ஊர்ப் பெரியவர்கள் ஈரிழைத் துண்டு கட்டிவிடுவார்கள், திருவிழா முடிந்ததும் யாராவது அவிழ்த்து எடுத்துப்போவார்கள். படங்கள் பேசாத அந்தக் காலத்தில், ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை கூட்டம் கலையாமலிருக்கத் திரைக்கு முன்னால் பலகை மேடையில் பெண்கள் ஆடினார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிலர், பட்டணத்திலிருந்து சிலர், பூனைக் கண்ணும் குட்டைப் பாவாடையுமாக வந்து ஒரு மாதம் மட்டும் ஆடிவிட்டுப் போன ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரி ஒருத்தி. ஆண்கள் படத்துக்காக வரவில்லை, ரீல் முடிவதற்காக வந்தார்கள். பிறகு யார் யாரோ மனுப்போட்டு ஆட்டம் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்த ஒப்பனை அறை பூட்டப்பட்டது. பூட்டிய அறைக்குள் சலங்கைச் சத்தம் கேட்கிறது என்று சொல்லியே கொஞ்ச காலம் கூட்டம் சேர்த்தார்கள்.

மழை விழுந்த வருஷத்தில் டாக்கீஸுக்கு முதலாளி, கட்டியவரின் மருமகள் மங்களேஸ்வரி. ஐம்பது வயது, விதவை, அதிகம் பேசாதவள். ஆபரேட்டர் ஞானதிரவியம் நாசரேத்துப் பக்கத்து ஆள், மனைவி இறந்த பிறகு மிஷின் அறையிலேயே ஒரு பாயைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டவன்.

மறுநாள் காலையில் மங்களேஸ்வரி அவனைக் கூப்பிட்டு, "திரவியம், அந்த ஒரு ரீல மட்டும் ஓட்டிப் பாரு" என்றாள்.

ஓட்டினான். மழை வரவில்லை. பத்தாவது ரீலிலிருந்து ஓட்டிப் பார்த்தான், வரவில்லை. பாதியிலிருந்து ஓட்டினான், திரை கொஞ்சம் வியர்த்தது, அவ்வளவுதான். முதல் ரீலிலிருந்து, கதாநாயகனின் தாய் கண் தெரியாமல் போவதிலிருந்து, ஒன்றுவிடாமல் ஓட்டினால்தான், அதுவும் அரங்கத்தில் ஆள் உட்கார்ந்து பார்த்தால்தான், பதினோராவது ரீலில் மழை பெய்தது. அதனால் தண்ணீர் வேண்டுமென்றவர்கள் எல்லாரும் கதையையும் பார்த்தாக வேண்டியதாயிற்று.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. தினமும் நாலு காட்சி. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு குடம். திரைக்குக் கீழே சிமெண்டில் தொட்டி கட்டினார்கள், இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடத் தகரத்தில் தாழ்வாரம் வைத்தார்கள், மணலை அள்ளிவிட்டுக் கருங்கல் பாவினார்கள். வெள்ளிக்கிழமை படம் மாறுவது என்ற வழக்கமே நின்றது. படப்பெட்டியைத் திருப்பிக் கேட்டு வந்த கம்பெனி ஆள், ஊர்ப் பெண்கள் இருநூறு பேர் வாசலில் குடத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். தாசில்தார் வந்து ஒரு காட்சி முழுவதும் உட்கார்ந்து பார்த்து, கைக்குட்டையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊரின் நீர் ஆதாரங்கள் என்ற தலைப்பின்கீழ் டாக்கீஸை எழுதிக்கொண்டு போனார். ஊர்க்காரர்கள் மணியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரீலைச் சொன்னார்கள். மூன்றாவது ரீலில் வந்துவிடு, எட்டாவது ரீலில் பிள்ளைக்கு வலி எடுத்தது, என்றார்கள். பிள்ளைகள் கதாநாயகனின் வசனத்தில் சண்டை போட்டார்கள். புருஷனோடு கோபித்துக்கொண்டு போகும் பெண்கள் கதாநாயகியின் வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்கள். படத்தின் பெயர் மட்டும் எல்லாருக்கும் மறந்துபோய், மழைப்படம் என்றே ஆகிவிட்டது.

ஒரே ஒரு சங்கடம், அந்தப் பெண். தொப்புளும் தொடையும் தெரிய ஒரு கிளப்பின் திறந்த முற்றத்தில் வில்லனுக்கு முன்னால் ஆடுகிறவள். படத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது, ஒரு வசனம் கிடையாது, அந்தப் பாட்டுக்குப் பிறகு கதையில் அவள் என்ன ஆனாள் என்பதும் கிடையாது. அவள் உடம்பில் பட்டுத் தெறிக்கிற தண்ணீரைக் குடிக்கலாமா என்று பேசுவதற்காக அம்மன் கோயில் பூசாரியும் பள்ளிவாசல் மோதினாரும் சர்ச் உபதேசியாரும் டாக்கீஸ் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அந்த ஊரில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம், ஆனால் சாமி காரியத்துக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று. முடிவு சொல்லிவிட்டு மூவரும் ஆளுக்கு ஒரு சொம்பு குடித்தார்கள். பெண்கள் அந்த நாலு நிமிஷமும் தலையைக் குனிந்து குடத்தையே பார்க்கப் பழகினார்கள். முதலில் நிமிர்ந்து பார்த்த ஆண்களும், தண்ணீர் சிந்தினால் வீட்டில் கேட்கிற கேள்விக்குப் பயந்து, சில மாதங்களில் குனியப் பழகினார்கள். தண்ணீருக்கு ஆட்டக்காரி தண்ணி என்று பேர். சண்டையில் ஒருத்தியை ஒருத்தி ஏசவும் அதே ஆட்டக்காரிதான்.

ஆறு வருஷம் அப்படி ஓடியது. இடையில் வானமும் இரண்டொரு தடவை பெய்தது, ஆனால் உப்பு மண்ணில் விழுந்த மழை உப்பாகவே ஊறியது. ஊரணியைத் தூர்வார வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பீப்பாய் வண்டிக்காரர்கள் மாடுகளை விற்றுவிட்டார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் உப்பூரணியில் பெண்ணெடுக்கவும் குடியேறவும் வந்தார்கள்.

பிலிம் தேய்ந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை நெருப்பு வெளிச்சத்துக்கு முன்னால் ஓடுகிற பிலிம் வேறு என்ன செய்யும். ஓரத்துத் துளைகள் கிழிந்தன, படம் அறுந்தது. அறுந்த ஒவ்வொரு தடவையும் ஞானதிரவியம் கிழிந்த முப்பது நாற்பது கட்டங்களை வெட்டிப் பசைபோட்டு ஒட்டினான். ஒட்டிய ஒவ்வொரு தடவையும் ஆட்டத்திலிருந்து ஒரு கையசைவோ ஒரு திரும்பலோ காணாமல் போனது, அந்த அளவுக்கு மழையும் குறைந்தது. எண்பத்து மூன்று ஒட்டுகளுக்குப் பிறகு நாலு நிமிஷம் பத்து விநாடி ஆட்டம் ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி ஆகிவிட்டது. குடங்கள் அரைக்குடமாகத் திரும்பின. இன்னொரு பிரதி கேட்டுப் பட்டணத்துக்கு எழுதியதற்கு, ஓடாத பழைய படம் என்பதால் மற்ற பிரதிகளையெல்லாம் பிலிமிலுள்ள வெள்ளியை எடுப்பதற்காக எப்போதோ காய்ச்சிவிட்டார்கள் என்று பதில் வந்தது.

அப்போது இருளாயிதான் டாக்கீஸ் வாசலில் வைத்துச் சொன்னாள். "படம் தேஞ்சா என்ன மொதலாளியம்மா? ஆடுனவ உசுரோட இருப்பாள்ல? அவளக் கூட்டியாந்து மேடையில ஆடச் சொன்னா என்ன?"

ஊருக்கு அது சரியென்று பட்டது. ஞானதிரவியத்தைப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். படப்பெட்டியோடு வந்த புகைப்படம் ஒன்றும், எழுத்துப் போடும்போது கடைசியில் வருகிற 'மிஸ் லீலாமணி' என்ற பெயரும்தான் அவன் கையில் இருந்தவை. கோடம்பாக்கத்துச் சந்துகளில் எட்டு நாள் அலைந்தான். ஒன்பதாம் நாள், சினிமாக் கம்பெனிகளுக்குத் துணி வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டின் பின்கட்டில், ராஜா வேஷத்து அங்கிகளுக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டினார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கனத்த உடம்பு, நரை.

"நீங்க லீலாமணி அம்மாவா?"

"அவ போய்ப் பதினஞ்சு வருஷமாச்சு தம்பி. எம் பேரு சௌபாக்கியம். என்ன வேணும்?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"அந்தப் பாட்டு நல்லா ஞாபகமிருக்கு. நாலு நாள் எடுத்தாங்க. மேல குழாய் போட்டுத் தண்ணி விட்டாங்க. அழுக்குத் தண்ணி, வாயில பட்டா முழுங்கிராத, காய்ச்சல் வரும்னு சொன்னாங்க. நல்ல தண்ணியும் குடுக்கல. குடிச்சா அந்த உடுப்புல வயிறு தெரியுமாம். நாலு நாளும் நாக்க நனைக்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். மழைக்குள்ள நின்னுக்கிட்டு அப்படி ஒரு தாகம். உதட்ட இறுக்க மூடிக்கிட்டே சிரிக்கணும்." பெட்டி போட்ட அங்கியை மடித்து வைத்துவிட்டு, "படம் ஒரு வாரம்கூட ஓடல. நானே பாக்கல. உங்க ஊர்ல ஆறு வருஷமா ஓடுதா?" என்றாள்.

"தினமும் நாலு காட்சிம்மா."

"நாலு காட்சியும் ஆள் வருதா?"

"எடமில்லாம நிக்கிறாங்க."

"அத்தன பேரும் என்னப் பாக்குறாங்களா?"

ஞானதிரவியம் பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்குப் பொய் வராது. "இல்லம்மா. கொடத்தப் பாப்பாங்க" என்றான்.

அவள் சிரித்தாள். ஆனாலும் மறுநாள் ஒரு துணிப்பையோடு அவனுடன் புறப்பட்டுவிட்டாள். ஏன் வருகிறாள் என்று அவன் ரயிலில் கேட்டபோது, "கூப்பிட்டு ஆள் வந்தா போகாம என்ன செய்யிறது" என்றாள்.

உப்பூரணியில் அவள் இறங்கியபோது பஸ் நிறுத்தம் நிறைய ஆட்கள். புகைப்படத்தில் பார்த்த இடுப்பைத் தேடிய கண்கள் அவளைத் தாண்டிப் போய் பஸ்ஸுக்குள் தேடின. இவள்தான் என்று தெரிந்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவளைத் தங்கவைக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள் என்றார்கள், மாமியார் ஆசாரம் பார்ப்பாள் என்றார்கள், வெள்ளையடிக்கிறோம் என்றார்கள். கடைசியில் திரைக்குப் பின்னாலிருந்த ஒப்பனை அறையின் பூட்டை உடைத்து, கூட்டி, கயிற்றுக்கட்டில் போட்டுக்கொடுத்தார்கள். சுவரில் பாதரசம் உதிர்ந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்றும், அதன் சட்டத்தில் யாரோ நகத்தால் கீறிய ஐந்தாறு பெண்பெயர்களும் இருந்தன. சௌபாக்கியம் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

மறுநாள் மத்தியானக் காட்சியில் பாட்டு வந்ததும் படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஞானதிரவியம் கிராமபோன் தட்டில் முழுப்பாட்டையும் வைத்தான். திரையில் அறுந்து போன இடங்களிலெல்லாம் பலகை மேடையில் அவள் ஆடினாள். நூல்சேலையில், கனத்த உடம்போடு, மூச்சு வாங்க ஆடினாள். திரையில் பாட்டு முடிந்து வெள்ளை வெளிச்சம் ஆன பிறகும் அவள் கையும் காலும் அசைகிறவரை மழை பெய்தது, ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல்நாள் பெய்ததைப்போல அடித்துப் பெய்தது. தொட்டியும் குடங்களும் விளிம்புவரை நிறைந்தன. வெளியே தகரக் கொட்டகையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

ஊர் இதையும் பழகிக்கொண்டது. முதல் வாரம் தட்டை ஒரு தடவை வைத்தார்கள். இரண்டாம் வாரம், பக்கத்துக் கிராமத்து ஆட்களும் வருகிறார்களே என்று இரண்டு தடவை வைக்கச் சொன்னார்கள். மாசி வந்து வெயில் ஏறியதும் மூன்று தடவை. சௌபாக்கியம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை ஆடினாள். முழங்கால் இரண்டும் தேங்காய்போல வீங்கின. இருளாயி வேப்பிலையும் நொச்சியும் வதக்கிக் கொண்டுவந்து, அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கட்டுப் போட்டுவிட்டாள். அந்த ஊரில் அவளைத் தொட்ட ஒரே ஆள் இருளாயிதான்.

"வலிக்குதா தாயி?"

"வலிக்குது."

"நல்லாயிரும். சாயங்காலக் காட்சிக்கு ஆடிரலாம்" என்று இருளாயி ரொம்பக் கனிவாகச் சொன்னாள்.

பங்குனியில் ஒரு நாள் காலை, சௌபாக்கியம் சுவரைப் பிடித்தபடி மங்களேஸ்வரியின் அறைக்கு வந்தாள். வந்த இத்தனை நாளில் அவள் எதையும் கேட்டதில்லை.

"மொதலாளியம்மா, ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி, யாரும் கொடம் கொண்டாராம வரணும். என்னப் பாக்கணும். தண்ணி கீழ விழுந்து வீணாப் போனாப் போகட்டும். மறுகாட்சிலேர்ந்து எத்தன தடவ வேணாலும் ஆடுறேன்."

மங்களேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

ஊரில் தண்டோரா போட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சிக்குக் குடமோ சட்டியோ பானையோ எதுவும் கொண்டுவரக் கூடாது, ஆட்டத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஊர் யோசித்தது. நாலில் ஒரு காட்சிதானே என்றார்கள் சிலர். ஒரு காட்சி என்றால் முந்நூறு குடம் என்றார்கள் சிலர். பாவம், கிழவி ஆசைப்படுகிறாள் என்று கடைசியில் எல்லாரும் சம்மதித்தார்கள். யாரும் மனதில் கள்ளம் வைத்துச் சம்மதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஊரே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தது. திருவிழாவுக்குக்கூட டாக்கீஸில் அப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை. வாசலில் மங்களேஸ்வரியே நின்று எல்லார் கையையும் பார்த்து உள்ளே விட்டாள், எல்லார் கையும் வெறுங்கை. ஒப்பனை அறையில் சௌபாக்கியம், மங்களேஸ்வரி கொடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, உதிர்ந்த கண்ணாடியில் மிச்சமிருந்த இடத்தில் முகத்தைப் பார்த்து மையிட்டுக்கொண்டாள். திரைக்குப் பின்னால் நின்று கூட்டத்தின் சளசளப்பைக் கேட்டாள். பத்து ரீலும் அவள் உட்காரவே இல்லை.

பதினோராவது ரீல் வந்தது. அவள் மேடைக்கு வந்து, வீங்கிய காலைச் சேர்த்து வைத்து, கையைத் தூக்கினாள். ஐந்நூறு முகங்கள் அவளைப் பார்த்தன. அப்போது மேடைக்கு மிக அருகில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னது, அவள் அந்தக் கணத்தில் சின்னப் பெண்போல இருந்தாள் என்று. மயங்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்தோம், அவ்வளவு சிரிப்பு அந்த முகத்தில், என்றார்கள். பாட்டின் முதல் அடி முடிகிறவரை எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

இரண்டாவது அடியில் மழை வந்தது. கருங்கல்லில் தண்ணீர் விழுந்து சிதறி ஓடுகிற சத்தம் அரங்கத்தை நிறைத்தது. அந்தச் சத்தம் ஆறு வருஷமாக அவர்கள் கேட்காத சத்தம், ஏனென்றால் ஒரு சொட்டும் தரையில் விழ அவர்கள் விட்டதில்லை. மூன்றாவது வரிசையில் இருளாயி அந்தச் சத்தத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவள் கை, அவளைக் கேட்காமலே, இடுப்பில் செருகியிருந்த சின்னப் பித்தளைச் செம்பை வெளியே எடுத்து நீட்டியது. எதற்காக அதைச் செருகிக்கொண்டு வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பக்கத்திலிருந்தவள் பிள்ளையின் பால்புட்டியை நீட்டினாள். பின்னாலிருந்தவன் முதுகில் சட்டைக்குள் செருகியிருந்த குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தான். சைக்கிள் டியூப் வந்தது, வெந்நீர்ப் பை வந்தது, மடித்து வைத்திருந்த ரப்பர் விரிப்பு வந்தது, எதுவும் கொண்டுவராதவர்கள் செருப்பைக் கழற்றி ஏந்தினார்கள். மாடியிலிருந்தவர்கள் கீழே ஓடிவந்தார்கள். ஐந்நூறு தலையும் குனிந்தன. மேடையிலிருந்து பார்த்தால் வகிடுகளும் பிடரிகளும் மட்டுமே தெரிந்திருக்கும்.

சௌபாக்கியம் ஆட்டத்தை நிறுத்தினாள். மழை நின்றது.

தட்டில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பட்டுச் சேலையில் ஈரம் சொட்ட நின்று, பந்தியில் பரிமாறுகிறவள் கேட்பதைப்போல, கோபமில்லாமல், "போதுமா?" என்றாள்.

ஏந்திய செம்பும் செருப்பும் கீழே இறங்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல், வெட்கத்தோடு, ஆனால் தெளிவாகச் சொன்னது: "இன்னுங் கொஞ்சம், தாயி."

அவள் உள்ளே போய்விட்டாள். மேலே மிஷின் அறையில், கீழே என்ன நடக்கிறது என்று சின்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஞானதிரவியம், பிலிம் சிக்கி நின்றதைக் கவனிக்கவில்லை. நின்ற கட்டம் சூட்டில் கருகியது. திரையில் நடுவிலிருந்து பழுப்பாக ஒரு புண் பரவி வெள்ளையாயிற்று. அவன் திரும்பி அணைப்பதற்குள் பதினோராவது ரீலில் மிச்சமிருந்ததும் எரிந்துபோயிருந்தது.

நாலரை மணி பஸ்ஸுக்கு அவளுடைய துணிப்பையை ஞானதிரவியம் தூக்கிக்கொண்டு வந்தான். வழியில் வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. இருளாயி மட்டும் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து வந்து, பிறகு நின்றுவிட்டாள்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றான் ஞானதிரவியம்.

"எதுக்குத் தம்பி? தாகம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா. அவங்க மேல கோவமில்ல." பஸ் படியில் ஏற அவளுக்கு அவன் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஏறிய பிறகு திரும்பி, "ஆனா இனிமே எனக்குக் கை எந்திரிக்காது" என்றாள்.

மறுநாள் காலைக் காட்சிக்கு ஊர் வழக்கம்போலக் குடத்தோடு வந்தது. மங்களேஸ்வரி ஓட்டச் சொன்னாள். ஞானதிரவியம் பத்து ரீலை ஓட்டி, பதினோராவதை விட்டு, பன்னிரண்டை மாட்டினான். கதாநாயகன் துப்பாக்கியோடு வந்தான். படம் முடிந்து வெளிச்சம் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். நாற்பது நாள் அப்படி வந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் தொட்டி காய்ந்து வெடித்தது. தூர்ந்த ஊரணியைத் தோண்டப் போனவர்கள் உப்புப் பாளத்தில் கடப்பாரை இறங்காமல் திரும்பினார்கள். மாடு விற்ற வண்டிக்காரர்களுக்கு வேறு மாடு கிடைக்கவில்லை. சித்திரைக் கத்திரி வெயிலில் கைப்பிள்ளைகள் இரண்டு வயிற்றுப்போக்கில் இறந்தன, அதில் ஒன்று இருளாயியின் மகள் வயிற்றுப் பேரன்.

அதன் பிறகு ஊர் கலைந்தது. செங்கல் சூளைக்கு, பனியன் கம்பெனிக்கு, கேரளாவில் ரப்பர் தோட்டத்துக்கு என்று வீடு வீடாகப் போனார்கள். பூசாரி போனார், மோதினார் போனார், உபதேசியாரை சபையே வேறு ஊருக்கு மாற்றியது. இருளாயி எந்தத் திசையில் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மங்களேஸ்வரி ஒரு நாள் காலையில் ஞானதிரவியத்தைக் கூப்பிட்டு, சாவிக்கொத்தை அவன் கையில் கொடுத்து, "பூட்டினாலும் சரி, பூட்டாட்டியும் சரி" என்று சொல்லிவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனாள். பட்டணத்து முகவரிக்கு அவன் எழுதிய மூன்று கடிதங்களும், அப்படி யாரும் இங்கே இல்லை என்று பென்சிலில் எழுதித் திரும்பி வந்தன.

அடுத்த வருஷம் தை மாதத்தில் ஞானதிரவியமும் கிளம்பினான். பகல்நேர பஸ். இரண்டு ஊர் தாண்டி ஏறிய ஓர் ஆட்டு வியாபாரி பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். சொன்னான்.

"உப்பூரணியா? அங்கதான சினிமாக் கொட்டகையில மழை பேயுமாமே. ஆட்டக்காரி ஒருத்தி ஆடுவாளாம், அதுல பேயுமாம். நீங்க பாத்திருக்கியளா?"

"நாந்தான் அந்தப் படத்த ஓட்டுன ஆபரேட்டர்."

வியாபாரி முழுதாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். "அடேயப்பா! அப்ப நீங்க எத்தன தடவ பாத்திருப்பிய! சொல்லுங்கண்ணே, அந்த ஆட்டம் எப்படி இருக்கும்?"

ஞானதிரவியம் வாயைத் திறந்தான். அந்த ரீலின் எடை அவனுக்குத் தெரியும். எண்பத்து மூன்று ஒட்டும் எந்தெந்த இடத்தில் என்று விரலால் தடவிச் சொல்லுவான். ரீல் முடியப்போகிறது என்று காட்ட வலது மேல் மூலையில் ஒரு கறுப்புப் பொட்டு வரும், அதைத் தவறவிட்டால் படம் நின்றுவிடும், அதனால் எட்டாயிரம் தடவைக்கு மேல் அந்த மூலையையே அவன் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறான். அவள் முதலில் தூக்கியது வலது கையா, இடது கையா என்று யோசித்தான். பஸ் வெயிலில் போய்க்கொண்டிருந்தது. வியாபாரி பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தான்.